வளர்ப்பு மீன்: மார்க்கம் என்ன சொல்கிறது?

சென்ற மாதம் நமக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டும் மீனைப் பற்றியவை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தோன்றினாலும், ஒன்றுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது மற்றொன்றையும் சேர்த்தே எழுத வேண்டியதாயிற்று.

முதல் கடிதம் அடையாறிலிருந்து ஒரு சகோதரி எழுதியது. அவருடைய மகனார் பெரிய கடையொன்றிலிருந்து சால்மன் என்னும் சீமை மீனை வாங்கி வந்திருக்கிறார். பொட்டலத்தின் மேல், நார்வே நாட்டில் வளர்க்கப்பட்டது என்று அச்சிட்டிருந்ததாம். அதைக் கேட்ட வீட்டுப் பெரியம்மா, "கடலில் பிடிக்கிற மீனுக்கு அல்லாஹ் தீனி போடுகிறான். வளர்க்கிற மீனுக்கு மனுஷன்தானே போடுகிறான், அவன் எதைப் போட்டானோ?" என்று கேட்டுவிட்டார். பதில் தெரியாமல் அந்த மீன் இன்னும் குளிர்ப்பெட்டியிலேயே இருக்கிறது என்கிறார் சகோதரி.

இரண்டாவது கடிதம் சைதாப்பேட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவருடையது. அவருடைய அண்ணன் கோழிக்கறிக் கடை வைத்திருக்கிறார். செங்கல்பட்டுப் பக்கம் குட்டையொன்றைக் குத்தகைக்குப் பிடித்துக் கெளுத்தி மீன் வளர்க்கலாம் என்றும், கடையில் தினமும் விழும் கழிவே அதற்குத் தீனியாகிவிடும், செலவே இல்லை என்றும் தரகர் ஒருவர் ஆசை காட்டுகிறாராம். செய்யலாமா என்று கேட்கிறார்.

பெரியம்மாவின் கேள்வியும் தம்பியின் கேள்வியும் ஒன்றுதான் என்பதை வாசகர்கள் இதற்குள் கண்டுகொண்டிருப்பார்கள்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுவோம். கடலில் வேட்டையாடப்படுவதும் அதன் உணவும் நமக்கு ஆகுமாக்கப்பட்டிருப்பதைத் திருமறையின் 5ஆம் அத்தியாயம் 96ஆம் வசனம் தெளிவாக அறிவிக்கிறது. மீனை அறுக்க வேண்டியதில்லை. நீரை விட்டு வெளியே எடுத்தபின் அது செத்தாலும் ஹலாலே. கடல் நீர் தூய்மையானது, அதில் செத்ததும் ஆகுமானது என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழி அபூதாவூது, திர்மிதி முதலிய நூல்களில் பதிவாகியிருக்கிறது. இங்கே கடல் என்பதில் ஆறும் ஏரியும் குளமும் அடங்கும் என்பதே இமாம்களின் விளக்கம். ஆகவே மனிதன் வெட்டிய குட்டையில் வளர்ந்தது என்பதனால் மாத்திரம் ஒரு மீன் ஹராமாகிவிடாது.

இறால் விஷயத்தில் மட்டும் நம் வீடுகளில் சிறு வேற்றுமை உண்டு. ஷாபிஈ மத்ஹபில் அது தடையின்றி ஆகும். ஹனபி மத்ஹபில் நீர்வாழ்வனவற்றுள் மீன் மட்டுமே ஆகும் என்பதால், இறால் மீன் இனத்தைச் சேர்ந்ததா அல்லவா என்ற ஆராய்ச்சி எழுந்தது. கூடும் என்றவர்களும் உண்டு. தவிர்ப்பது நலம் என்றவர்களும் உண்டு. தியாகராய நகரில் ஒரே மாடிப்படியின் இருபுறமும் கீழக்கரைக் குடும்பமும் ஆற்காட்டுக் குடும்பமும் குடியிருந்தால், ஒரு வீட்டில் இறால் பிரியாணி மணக்கும், மறு வீட்டில் அதைத் தொடமாட்டார்கள். இதில் ஒருவரையொருவர் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பேச வேண்டியது இதற்கு அப்பாற்பட்டது. திருமறை உணவைப் பற்றிச் சொல்லும் பல இடங்களில் ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறது. தய்யிப் என்றால் நல்லது, தூயது, மனம் ஒப்பத்தக்கது. மீன் என்ற இனம் ஹலால் என்பது நமக்குத் தெரியும். நம் சட்டிக்கு வந்த இந்த மீன் தய்யிபானதா என்பதை, அது என்ன தின்றது, எந்த நீரில் வளர்ந்தது, அதை வளர்த்ததில் யார் வயிற்றில் அடித்தார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சீமை மீனிலிருந்து தொடங்குவோம். சால்மன் குளிர்நாட்டு மீன். நம் கடலில் கிடையாது. கடைக்காரர்கள் சிலர் இந்தியச் சால்மன் என்று சொல்லி விற்பது நம்முடைய காலா மீன்தான். அது நல்ல மீன், ஆனால் சால்மனுக்கு உறவே அல்ல. சால்மனின் உண்மையான உறவுக்காரர் நம் மாநிலத்தில் ஒருவர் உண்டு. வெள்ளைக்காரர்கள் தங்கள் தூண்டில் பொழுதுபோக்குக்காக நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன் அது.

1970ஆம் ஆண்டில் நார்வேயின் ஹித்ரா தீவில் சகோதரர் இருவர் கடலில் மிதக்கும் எண்கோணக் கூண்டு ஒன்றைச் செய்து அதில் சால்மனை வளர்த்து வெற்றி கண்டார்கள். இன்று உலகம் உண்ணும் சால்மனில் பெரும்பகுதி இப்படிக் கூண்டில் வளர்ந்ததே. கூண்டு என்றாலும் அது வலைதான். மீன்களின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அதன் வழியே கடலடியில் போய்ப் படியும். நெருக்கி வளர்ப்பதால் கடல் பேன் என்னும் ஒட்டுண்ணி பெருகி, அவ்வழியே நீந்திப் போகும் காட்டுச் சால்மன் குஞ்சுகளையும் பற்றும். 2017இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பண்ணையின் கூண்டு உடைந்து லட்சக்கணக்கான மீன்கள் அந்நியக் கடலில் தப்பிப் போயின. மறு ஆண்டே அம்மாநிலம் அத்தகைய அந்நிய இன வளர்ப்பை முடிவுக்குக் கொண்டுவரச் சட்டம் இயற்றியது.

உடல் நலத்துக்கு எப்படி என்று கேட்பீர்கள். 2004இல் வெளியான ஓர் ஆய்வு, காட்டுச் சால்மனைவிட வளர்ப்புச் சால்மனில் தொழிற்சாலை நச்சுப் பொருள்கள் கூடுதலாகத் தேங்குவதைக் காட்டிப் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. தீனியில் சேர்த்த மீன் எண்ணெயே அதற்குக் காரணம். அதன்பின் தீனி பெரிதும் மாறிவிட்டது. சோயா முதலிய தாவரப் பொருள்களே இன்று அதில் பெரும்பங்கு. இதயத்துக்கு நல்ல கொழுப்பு இருப்பதால் அளவோடு உண்பதில் நன்மையே மிகுதி என்பது உணவியலார் பெரும்பாலோர் கருத்து. மருந்து விஷயத்தில் நாட்டுக்கு நாடு வேற்றுமை உண்டு. நார்வே மீனுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் அது இன்னும் மிகுதி. அந்த இளஞ்சிவப்பு நிறத்தைப் பற்றியும் பலருக்குச் சந்தேகம். காட்டு மீனுக்கு அது தின்னும் சிறு இறால் வகைகளிலிருந்து கிடைக்கிறது. வளர்ப்பு மீனுக்கு அதே பொருளைத் தீனியில் கலக்கிறார்கள். விஷமன்று, ஆனால் வளர்ப்பு மீனின் அந்த நிறம் கையால் கொடுத்த நிறமே.

தீனியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் பன்றி, கோழி போன்ற அசைபோடாத விலங்குகளின் புரதத்தை மீன் தீனியில் சேர்க்க அனுமதித்திருக்கிறது. பெரியம்மாவின் ஐயம் வீணானதல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். ஆயினும் அனுமதி இருப்பதனாலேயே நம் கைக்கு வந்த பொட்டலத்தில் அது சேர்ந்திருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. உறுதியானதை ஐயம் நீக்காது என்பது பிக்ஹு சட்டத்தின் பெருவிதிகளில் ஒன்று. மீன் ஹலால் என்பது உறுதி. தீனி என்னவோ என்பது ஐயம்.

கடல் கடந்த கதை இருக்கட்டும். நம் ஊர்க் கதைக்கு வருவோம், நம் பொறுப்பு அங்கேதான் அதிகம்.

மயிலாப்பூரிலிருந்து சாந்தோம் நெடுஞ்சாலை வழியாக அடையாறு நோக்கிப் போகிறவர்கள் இராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மத்திய அரசு நிறுவனத்தைக் கடந்துதான் போகிறார்கள். 1987இல் தொடங்கப்பெற்ற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் அது. அதன் பரிசோதனைக் குளங்கள் முட்டுக்காட்டில் இருக்கின்றன. நம் வீடுகளில் விரும்பி உண்ணும் கொடுவா மீனைச் செயற்கை முறையில் முட்டையிடச் செய்து, 1997இல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் குஞ்சு பொரித்துக் காட்டியவர்கள் இவர்களே. இது எளிதான காரியமல்ல. கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, சில ஆண்டு கழிந்தபின் பெண்ணாக மாறும் இனம். படைத்தவனின் விந்தைகளில் இதுவும் ஒன்று. ஆகவே தாய்மீன்களைப் பல ஆண்டு பொறுமையாகக் காத்து வளர்க்க வேண்டியிருந்தது. மீன் அங்காடிக் கழிவைப் பதப்படுத்திக் குளத்துக்கு ஊட்டமாக மாற்றும் முறையையும் இந்நிலையம் கண்டுபிடித்துள்ளது. மீன் வளர்ப்பு என்றாலே கெட்டது என்று எண்ணுகிறவர்கள் இவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடலில் மீன் குறைந்துகொண்டு வருகிறது, உண்போர் தொகை கூடிக்கொண்டு வருகிறது. முறையோடு வளர்ப்பது உழைப்பு, ஹலாலான சம்பாத்தியம். சைதாப்பேட்டை அங்காடியில் நாம் வாங்கும் ரோகும் கட்லாவும் பெரும்பாலும் ஆந்திரக் குளங்களில் வளர்ந்தவைதாமே!

முறை தவறினால் என்ன நடக்கும் என்பதைக் காவிரிக் கழிமுகத்தில் கண்டோம். 1990களின் முற்பகுதியில் நாகப்பட்டினம், சீர்காழிப் பகுதிகளில் நெல் வயல்களை வாங்கி, உப்பு நீர் ஏற்றி இறால் குளங்களாக்கினார்கள். வெளிநாட்டுப் பணம் கொட்டும் என்று சொல்லப்பட்டது; கொட்டவும் செய்தது. ஆனால் உப்பு பக்கத்து வயலுக்குக் கசிந்தது, குடிநீர்க் கிணறு கரித்தது. விவசாயக் கூலிக்கு வேலை போயிற்று, மீனவர் கடற்கரைக்குப் போகும் பாதை அடைபட்டது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 11ஆம் நாள் நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சகீர் அகமதுவும் தீர்ப்பளித்தார்கள். கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் உள்ள பண்ணைகளை அகற்றவும், கெடுத்தவரே ஈடு செய்யவும் வேண்டும் என்றது தீர்ப்பு. பண்ணைகளால் வந்த வருமானத்தைவிட விளைந்த நட்டமே பெரிது என்ற ஆய்வறிக்கையும் அந்த வழக்கில் வைக்கப்பட்டிருந்தது. பின்னர் 2005இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, பதிவும் கட்டுப்பாடும் விதித்து அத்தொழிலை நிலைக்கச் செய்தது. அதற்கான ஆணையம் நம் சென்னையிலேயே இயங்குகிறது. 2009 முதல் வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்களை நோயற்றவைதாமா என்று பார்க்கும் தனிமைக்கூடம் நீலாங்கரையில் இருக்கிறது.

பக்கத்து வீட்டான் கிணற்றைக் கரிக்கச் செய்துவிட்டு நாம் உண்ணும் இறால், இனத்தால் ஹலால். ஆனால் பிறருக்குத் தீங்கிழைக்கவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்ற கருத்தில் இப்னுமாஜாவில் வந்துள்ள நபிமொழியின் மீதே பிக்ஹு சட்டத்தின் ஒரு பெரும் கட்டடம் எழுந்திருக்கிறது. நீர் பொதுவானது, அதில் மக்கள் கூட்டாளிகள் என்பதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததே. அடியார்களின் ஹக்கு அடியார்கள் மன்னித்தாலன்றித் தீராது. இந்தப் பாடத்தை ஜும்ஆவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அது இறால் குளத்துக்கும் பொருந்தும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறோமா? பதிவு பெற்று, வயலுக்கும் குடிநீருக்கும் விலகி, கழிவு நீரைத் தெளியவைத்து விடுகிற பண்ணையாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மீது இந்தக் குறை இல்லை.

இனி, தம்பியின் கடிதம்.

அவருக்குத் தரகர் சொன்ன கெளுத்தி நம் நாட்டுக் கெளுத்தி அல்ல, ஆப்பிரிக்கக் கெளுத்தியாகத்தான் இருக்க வேண்டும். குளத்துக் கழிவில் செழித்து, வேகமாகப் பெருக்கும் மீன் அது. சேறும் நாற்றமுமான நீரிலும் காற்றை நேரே சுவாசித்து உயிர் வாழும். எதையும் தின்னும். வெள்ளத்தில் தப்பி ஏரிக்குப் போனால் நம் நாட்டு மீன்களையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்துவிடும். இதனால் மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே இதை வளர்க்கத் தடை விதித்தது. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், இருக்கும் குளங்களையும் அழிக்க உத்தரவிட்டது. அப்படியும் மறைவாக வளர்க்கிறார்கள், அங்காடியில் உயிரோடு தொட்டியில் வைத்து மலிவாக விற்கிறார்கள். மலிவுக்குக் காரணம் தீனிதான்.

மார்க்கச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு தலைப்பு உண்டு. அசுத்தத்தைத் தின்று வளரும் பிராணிக்கு ஜல்லாலா என்று பெயர். அதன் இறைச்சியையும் பாலையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் வந்துள்ளது. தின்றதால் இறைச்சியில் வாடையோ சுவையோ மாறிவிட்டதா என்பதே அளவுகோல் என்பது இமாம் நவவி (ரஹ்) அவர்கள் சரிகண்ட கருத்து. அப்படி மாறினால் ஹராம் என்றார்கள் இமாம் ராபிஈ (ரஹ்) அவர்கள். மக்ரூஹ் என்றார்கள் இமாம் நவவி (ரஹ்) அவர்கள். அடைத்து வைத்துச் சுத்தமான தீனி கொடுத்து, அந்த மாற்றம் நீங்கிவிட்டால் தடை நீங்கும். கோழியை மூன்று நாள் அடைத்து வைத்து அறுப்பது இப்னு உமர் (ரலி) அவர்களின் வழக்கம். நம் பாட்டிமார் தெருவில் மேய்ந்த கோழியைக் கூடையில் கவிழ்த்து வைத்ததும் இந்த வழக்கத்தின் தொடர்ச்சியே. மீனுக்கும் இச்சட்டம் உண்டு. மலேசியாவின் தேசிய பத்வாக் குழு 2006இல் கெளுத்தி வளர்ப்பைப் பற்றி எழுந்த கேள்விக்கு, பன்றி இறைச்சி, செத்த பிராணி போன்ற நஜீஸை வேண்டுமென்றே தீனியாக்கி விற்பனைக்காக வளர்த்த மீன் ஹராம் என்றே தீர்ப்பளித்தது.

அண்ணன் கடையில் விழும் கழிவில் எல்லாம் நஜீஸா? இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். பிஸ்மி சொல்லி முறையாக அறுத்த கோழியின் தோலும் கொழுப்பும் நஜீஸல்ல. வழிந்தோடிய இரத்தம் நஜீஸ். குடலில் உள்ள கழிவு நஜீஸ். எல்லாவற்றிலும் மோசமானது, கூண்டில் வரும்போதே வெயிலிலும் நெரிசலிலும் செத்த கோழி. அது மைத்தத்து, அதாவது செத்த பிணம். எல்லாக் கறிக்கடையிலும் தினம் ஒன்றிரண்டாவது இப்படி இருக்கும் என்பதை அத்தொழிலில் உள்ள சகோதரர்கள் மறுக்கமாட்டார்கள். ஒரே பீப்பாயில் எல்லாம் கலந்து போகிறது.

பீப்பாயை ஏற்றிப் போகிற வண்டிக்காரர் அதற்குக் காசு கொடுக்கிறாரா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மக்கா வெற்றியின்போது, மதுவையும் செத்த பிராணியையும் பன்றியையும் சிலைகளையும் விற்பதை அல்லாஹ்வும் அவன் தூதரும் ஹராமாக்கியதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தது புகாரியில் பதிவாகியிருக்கிறது. செத்த கோழிக்கு வாங்கிய பத்து ரூபாயானாலும் அது அந்தக் கணக்கில்தான் சேரும். கடையில் ஹலால் பலகை மாட்டியிருக்கிற நாம், பின்வாசல் வழியே போவது எங்கே போகிறது என்று பார்க்காமல் இருப்பது பெரும் பிழை. செத்ததைத் தனியே எடுத்து மாநகராட்சியின் கழிவு வண்டியில் ஒப்படைத்துவிடலாம். அதற்குக் காசு கேட்காதீர்கள்.

ஆகவே தம்பிக்கு நம் பதில்: தடை செய்யப்பட்ட மீன் வேண்டாம், அந்தத் தீனியும் வேண்டாம். குட்டையை விட வேண்டியதில்லை. ரோகு, கட்லா வளர்க்கலாம். உவர்நீர் கிடைக்கும் இடமானால் கொடுவாவைப் பற்றி இராஜா அண்ணாமலைபுரத்து நிலையத்தில் போய் நேரில் விசாரிக்கட்டும். தொடங்கிவிட்டால் இரண்டு சட்டங்களை மறக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாமல் நீரில் கிடக்கும் மீனை, எவ்வளவு என்று அறியாமல் குளத்தோடு மொத்தமாக விலை பேசுவது ஆகாது. பிடித்து, நிறுத்து விற்க வேண்டும். வியாபாரத்துக்காக வளர்க்கும் மீன் வியாபாரச் சரக்கே. ஆண்டு நிறையும்போது நிசாபை எட்டியிருந்தால் அதன் மதிப்பில் நூற்றுக்கு இரண்டரை வீதம் ஜகாத் கடமையாகும்.

அடையாறு சகோதரிக்கு: பெரியம்மா கேட்டது நல்ல கேள்வி. அதற்காக அவருக்கு நம் ஸலாமைச் சொல்லுங்கள். அந்த மீனை எறிந்துவிடாதீர்கள், வீண்விரயம் ஆகாது. பிஸ்மி சொல்லிச் சமையுங்கள், ஹலால்தான். அடுத்த முறை வாங்குவதானால், அந்தக் காசுக்கு ஒரு வாரத்து மத்தியும் கானாங்கெளுத்தியும் கிடைக்கும் என்று மகனாரிடம் சொல்லிப் பாருங்கள். சால்மனில் தேடும் அந்தக் கொழுப்பு மத்தியிலும் தாராளமாக இருக்கிறது. ஏழைக்கு எட்டும் அந்த மத்தியைத்தான் பிடித்து அரைத்துத் தூளாக்கி, இறாலுக்கும் கூண்டு மீனுக்கும் தீனியாக்குகிறார்கள். கடற்கரை உட்சாலையில் நொச்சிக்குப்பத்து மீன் அங்காடி 2024இல் புதிய கட்டடத்தில் திறக்கப்பட்டிருக்கிறது. காலையில் போனால் அன்று கரை சேர்ந்த மீனைப் பிடித்தவர் வீட்டுப் பெண்களிடமே வாங்கலாம். கொடுவாவாக இருந்தால், கடலா குளமா என்று கேளுங்கள். கூச்சப்படாமல் சொல்வார்கள்.